அம்மா பெயரில் நாலு எழுத்து குறைவு

1971 போருக்காக அப்பாவுக்குக் கிடைத்த சங்ராம் மெடலை நான் முதல்முறையாக நிதானமாகப் பார்த்தது அவர் போன பதினோராம் நாள். இத்தனைக்கும் அது நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. மெடலின் விளிம்பில் பொடி எழுத்தில் நம்பர், ரேங்க், பெயர் மூன்றும் வெட்டியிருக்கும். பேப்பர் படிக்க அவர் வைத்திருந்த பூதக்கண்ணாடியால் பார்த்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இங்கிலீஷில் பெயர். ஒரு எழுத்து கூடுதல். இனிஷியல் இல்லை. "இது அவுரு பேருதானா?" என்றாள் அம்மா. காரியம் முடிந்த அசதியிலும் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஒரு எழுத்தும், அம்மா பெயரில் விட்டுப்போன இன்னொரு நாலு எழுத்தும் எங்களை எட்டு மாதம் அலைய வைக்கும் என்று அன்றைக்குத் தெரியாது.

அலைந்த கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியவில்லை.

பண்ருட்டிப் பக்கம் செம்மண் பூமி, முந்திரிக்காட்டு ஊர் அவருடையது. 1968-ல், பத்தொன்பது வயதில், ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டில் சொல்லாமல் போய் நின்றிருக்கிறார். பெங்களூர் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) சென்டரில் பயிற்சி. 1780-ல் தொடங்கிய படை அது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பார்கள். பாலம் போடுவது, கண்ணிவெடி எடுத்து வழி செய்வது எல்லாம் இவர்கள் வேலை. இந்தப் படைக்காரர்களுக்கு ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் பெயர். ரிட்டயர் ஆகி முப்பது வருஷம் கழித்தும் அது போகவில்லை. மஞ்சக்குப்பம் டீக்கடையில் எழுபது வயதுக் கிழவர்கள் ரெண்டு பேர் "வா தம்பி", "சொல்லு தம்பி" என்று பேசிக்கொண்டிருந்தால் அதில் ஒருவர் எங்கள் அப்பாவாக இருக்கும்.

1971 போரில் அவர் மேற்கே, சகர்கர் பகுதியில் இருந்தார். டிசம்பர் 3-ல் தொடங்கி, கிழக்கே 16-லும் மேற்கே 17-லும் முடிந்த போர். அங்கே இருந்து வீட்டுக்கு வந்தது நீல இன்லேண்ட் கடிதம், 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்ற விலாசத்தோடு. மகன் எங்கே இருக்கிறான் என்பது அந்த விலாசத்திலிருந்து யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் அந்த நம்பரே. எங்கள் ஆயா போஸ்ட்மேனை நிறுத்தி, "அம்பத்தாறு எந்தப் பக்கம்பா இருக்கு, தெக்கா வடக்கா?" என்று கேட்பாராம். கேலி பேசுவதற்காக அப்பா அடிக்கடி சொல்லும் கதை இது. போரைப் பற்றி அவராகச் சொன்னது ஏறக்குறைய இது ஒன்றுதான்.

சின்ன வயதில் அண்ணன் விடாமல் கேட்பான்: "எத்தன பேரச் சுட்டப்பா?" அவர் ஒரே பதில்தான் சொல்வார்: "நான் மண்ணத்தான்டா குத்துனேன்."

அந்தப் பதிலுக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது பத்தாவது படிக்கும்போது. தோப்புக்குப் பக்கத்தில் கடலை போட்டிருந்தோம். பறிப்பு நாள். செடியைப் பிடுங்கியபின் மண்ணுக்குள் தங்கிப்போன காயைக் குச்சியால் கிளறி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் குப்புறப் படுத்தார். பேண்ட் சட்டையோடு, மார்பு மண்ணில் பட. என் கையிலிருந்த குச்சியை வாங்கி, செங்குத்தாக இல்லாமல் நன்றாகச் சாய்த்து, மெல்ல மண்ணுக்குள் விட்டார். எடுத்தார். ஒரு விரல்கடை தள்ளி மறுபடி விட்டார். "நேராக் குத்துனா அதோட தலையில படும். தலையிலதான் இருக்கு எல்லாம். சாய்ச்சுக் குத்துனா வயித்துல படும். வயித்துல பட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். அப்படியே ஓரடி அகலத்துக்குக் குத்திக்கொண்டே போனார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "டேங்கு எல்லாம் பின்னாடி வரிசையா நிக்கும். நாம வழி செஞ்சு குடுத்தாத்தான் நகரும். விடியறதுக்குள்ள செய்யணும்" என்றார். அப்புறம் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, குச்சியில் மாட்டிய ரெண்டு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். இன்றைக்கு நினைத்தால் அந்த இடத்திலேயே பத்துக் கேள்வி கேட்டிருக்கலாம். ஃபோனில் எல்லாவற்றையும் ரெக்கார்ட் செய்கிற காலம் வந்தபிறகும் அவர் குரலில் என்னிடம் இருப்பது, தண்ணீர் மோட்டார் ரிப்பேர்காரருக்கு அவர் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ். நாற்பது செகண்ட். அதில் மோட்டாரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் 'போர் அனுபவம் சொல்லுங்கள்' என்று மைக்கை நீட்டினால் வராது. கையில் ஏதாவது வேலையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் வரும்.

1986-ல் ஹவில்தாராக வெளியே வந்தார். பதினெட்டு வருஷ சர்வீஸ். சிப்பாய்க்குப் பதினைந்து வருஷம் முடிந்தால்தான் பென்ஷன் என்பதால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டு வந்தார், எங்கள் படிப்புக்காக. திருப்பாதிரிப்புலியூரில் வீடு, ஒரு வங்கியில் காவலர் வேலை, ஞாயிற்றுக்கிழமை தோப்பு. என்னை சைக்கிளில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடியும்வரை வாசலிலேயே நிற்பார். உட்கார மாட்டார். அந்தத் தெருவில் இருந்தவர்கள் அதை டியூட்டி என்றே சொல்வார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஞாயிறு சாயங்காலம் எங்கள் திண்ணைக்கு யாராவது வந்துவிடுவார்கள். பெரும்பாலும் பெண்கள், மிலிட்டரிக்காரரின் விதவைகள். கையில் மஞ்சள் பை, பைக்குள் மடித்து மடித்துக் கிழிந்த காகிதம். பென்ஷன் நின்றுபோனது, குடும்ப ஓய்வூதியம் வராதது, பேரில் தப்பு என்று ஏதாவது இருக்கும். அப்பா மனு எழுதிக் கொடுப்பார். கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்து, அதன் மூலையில் பென்சிலால் தேதி போட்டு, "இத வச்சுக்க. தொலச்சா என்கிட்ட வராத" என்பார். தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கும் எழுதிக் கொடுத்தார்.

தானே புயல் நாளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். 2011 டிசம்பர் 30, விடிகாலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. முந்தின நாள் சாயங்காலமே அப்பா பின்கட்டுத் தகரக் கூரையைக் கயிறு போட்டு, கல்தூணோடு இழுத்துக் கட்டிவிட்டார். அண்ணன் கட்டிய முடிச்சை எல்லாம் அவிழ்த்து அவர் மறுபடி கட்டினார், அண்ணனுக்குக் கோபம். காலையில் தெருவில் பாதிக் கூரைகள் இல்லை, எங்களுடையது இருந்தது. ஆனால் தோப்பு போய்விட்டது. பண்ருட்டிச் சாலை முழுக்க முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பலா மரம் ஒவ்வொன்றும் ஒரு வீடு இடிந்தது போலக் கிடந்தது. எங்கள் தாத்தா வைத்த மரங்கள். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் சத்தமில்லாமல், மரத்தைச் சுற்றி நடந்துகொண்டே.

பொங்கல் முடிந்ததும் குழி வெட்ட ஆரம்பித்தார். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு. முந்திரி காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும், கொட்டை போட்டு வளர்க்கிற பலாவுக்கு அதைவிட ரெண்டு மடங்கு. "யாரு சாப்பிடறதுக்குப்பா?" என்று கேட்டேன். "நீ சாப்பிட மாட்டியா?" என்றார்.

சரி, காகிதக் கதைக்கு வருகிறேன்.

அப்பாவின் டிரங்குப் பெட்டி கறுப்பு நிறம். மேலே வெள்ளைப் பெயிண்டில் நம்பர், பெயர். உள்ளே டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், இ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) கார்டு நகல், தோப்புப் பத்திரம், எங்கள் மார்க் ஷீட், எல்லாம் தனித்தனி கவரில். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அதை இறக்கி, "வா பாப்பா, எது எது எங்க இருக்குன்னு காட்டறேன்" என்பார். நான், "சாயங்காலம் பாத்துக்கலாம்ப்பா" என்பேன். அம்மா அதற்கும் மேலே. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா பொட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு செத்த பேச்சு பேசறாரு" என்று அடுக்களைக்குள் போய்விடுவாள். அவரும் மூடிவிடுவார்.

2023 ஆவணியில் ஒரு விடிகாலை, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

தெருப் பையன் ஒருவன், நல்ல பையன், எங்கிருந்தோ தேசியக் கொடி வாங்கிக்கொண்டு ஓடிவந்தான், மேலே போர்த்த. எங்களுக்கும் அது சரி என்றுதான் பட்டது. அப்பாவோடு வேலை பார்த்த சுபேதார் ஐயா தடுத்தார். "வேணாம் தம்பி. அது அரசு மரியாதை, ராணுவ மரியாதையோட போறவங்களுக்கு. அவங்களே முன்ன நின்னு செய்யணும். நாமளா வாங்கியாந்து போத்தக் கூடாது" என்றார். கொடிக்கான விதித் தொகுப்பில் அப்படித்தான் இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பையன் முகம் சுண்டிப்போனது. சுபேதார் ஐயா அவன் தோளில் கை போட்டுக்கொண்டே, அப்பாவின் பெரே தொப்பியும் மெடல்களும் எங்கே என்று என்னிடம் கேட்டார். பெட்டியில் மூன்றாவது கவர். எடுத்து வந்து மார்பின் மேல் வைத்தோம். நான்கு பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் முழங்கால் மடங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாவ்தான்" என்று ஒரு குரல். சல்யூட். பத்து விநாடி இருக்கும். தூக்கும் முன்பு தொப்பியையும் மெடலையும் எடுத்து அம்மா மடியில் வைத்துவிட்டார் சுபேதார் ஐயா.

மறுநாள் அண்ணன் செய்த காரியம் ஒன்று. செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. அப்பாவின் ஏ.டி.எம். கார்டு, நம்பர் எல்லாருக்கும் தெரியும். எடுத்தான். அடுத்த மாதம் அந்தக் கணக்கில் பென்ஷன் மறுபடி விழுந்தது, அதையும் எடுத்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் பென்ஷன் என்பது ஆள் இருக்கிற கடைசி நாள் வரைக்கும்தான். அதற்கு மேல் விழுந்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதைக் கட்டி முடிக்கும்வரை வேலை நகரவில்லை. எனவே முதல் வாரத்திலேயே இறப்பைத் தெரிவித்துவிடுங்கள், அந்தக் கணக்கைத் தொடாதீர்கள். அவசரச் செலவுக்கு வேறு கணக்கில் கொஞ்சம் பணம் இருக்கட்டும், அம்மா பெயரில்.

இறப்புச் சான்றிதழுக்கு 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதைச் செய்துவிட்டோம். ஆனால் ஆதாரில் இருந்த பெயரை அப்படியே கொடுத்தோம். இனிஷியலோடு. ராணுவப் பதிவில் இனிஷியல் கிடையாது, ஒரு எழுத்து அதிகம். அப்படியானால் இறந்தவரும் பென்ஷன் வாங்கியவரும் ஒரே ஆள்தானா? கேட்பவருக்கு அது நியாயமான கேள்விதான். பதிகிற நாளிலேயே பென்ஷன் ஆர்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தால் வந்திருக்காத வம்பு.

அம்மா விஷயம் அதைவிடப் பெரியது. 1976-ல் கல்யாணம். லீவு முடிந்து போய் அப்பா மனைவி பெயரைப் பதிவு செய்யச் சொன்னபோது, வடக்கே ஏதோ ஒரு கேம்பில் ஒரு கிளார்க் பெயரின் கடைசியில் இருந்த 'அம்மாள்' மரியாதைக்குச் சேர்ப்பது என்று நினைத்து வெட்டிவிட்டார். பிறந்த தேதிக்கு ஜூலை 1 என்று குத்துமதிப்பாகப் போட்டுவிட்டார். ஆதாரில் அம்மாளும் இருக்கிறது, வேறு தேதியும் இருக்கிறது. ஸ்பர்ஷ் என்கிற ஆன்லைன் முறைக்குப் பென்ஷன் மாறியபின் எல்லாம் கணினி பார்க்கிற வேலை. எழுத்துக்கு எழுத்து, தேதிக்குத் தேதி ஒத்துப்போக வேண்டும். அங்கே 'நம்ம ஹவில்தார் வீட்டம்மாதான்' என்று சொல்ல ஆள் இல்லை.

நோட்டரி முன் பிரமாணப் பத்திரம்: இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று. பிறகு கடலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சான்றொப்பம். பிறகு பெங்களூரில் படையின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குத் தபால். ஒரு மேசையிலிருந்து போட்டோ சரியில்லை என்று திரும்பியது. இன்னொன்றிலிருந்து தேதிக்கு ஆதாரம் கேட்டுத் திரும்பியது. அம்மா நான்காவது வரை படித்த பள்ளியின் பதிவேட்டைத் தேடிக்கொண்டு பண்ருட்டிப் பக்கம் ரெண்டு நாள் அலைந்தேன். இதையே அப்பா உயிரோடு இருக்கும்போது செய்திருந்தால் அவர் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம், கூட ரெண்டு நகல். பென்ஷன்காரர் தானே சொல்வதற்கும், அவர் போனபின் நாம் நிரூபிப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

அலைந்ததில் நல்லதும் இருந்தது. நல அலுவலக வரிசையில் நெல்லிக்குப்பத்துப் பாட்டி ஒருவர் என் கையிலிருந்த டிஸ்சார்ஜ் புக் போட்டோவைப் பார்த்து, "இவுரு எழுதின மனுவாலதான் எனக்குப் பணம் வருது" என்றார். மஞ்சள் பையிலிருந்து அந்தக் கார்பன் நகலை எடுத்தும் காட்டினார். மூலையில் பென்சில் தேதி அழியாமல் இருந்தது.

ஊரார் பெயரை எல்லாம் திருத்தியவர் வீட்டுப் பெயரை எப்படி விட்டார் என்று எனக்கு ஆறவில்லை. கொஞ்சம் கோபம்கூட. பெட்டியின் அடிக் கவரில் அதற்குப் பதில் கிடைத்தது. 2019 தேதி போட்ட விண்ணப்பம், அப்பா கையெழுத்தில், அம்மாவின் முழுப் பெயரோடு. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மனைவி கையெழுத்து என்ற இடம் காலி. பக்கத்தில் பென்சிலால் சின்னதாக: 'வெள்ளிக்கிழமை வேண்டாம் என்கிறாள்.'

அதை அம்மாவிடம் காட்ட எனக்கு ஒரு வாரம் ஆனது. வாங்கிப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து, "நான் அப்பிடித்தான் சொன்னேன்" என்றாள்.

குடும்ப ஓய்வூதியம் சித்திரையில் வந்தது, அப்பா போன மறுநாளிலிருந்து கணக்கிட்ட பாக்கியோடு. தொகையைப் பார்த்து அண்ணன் தவறு என்று நினைத்தான். தவறில்லை. ஓய்வூதியம் சம்பளத்தில் பாதி என்றால், சாதாரண குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வீட்டுக் கணக்கில் திகைப்பு இருக்காது. இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதி அம்மாவுக்குத் தொடர்கிறது. ஆனால் கார்டு விவரத்தை மாற்ற வேண்டும், அது தானாக நடக்காது. உடம்பு முடியாத நாளில் போய் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

போன நவம்பரில் அம்மாவுக்கு முதல் உயிர்வாழ் சான்று. விரல் ரேகை மெஷினில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம், எதுவும் எடுக்கவில்லை. முந்திரிக்கொட்டை உடைத்த கை. கொட்டையின் தோலில் இருக்கிற எண்ணெய் விரல் ரேகையைத் தின்றுவிடும். எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். மெஷின் வைத்திருந்தவர் வேறு நாள் வரச் சொன்னார். வேறு நாள் வந்தால் மட்டும் ரேகை முளைக்குமா? வீட்டுக்கு வந்து, ஃபோனிலேயே முகத்தைக் காட்டிச் செய்கிற வழி இருப்பதைத் தேடிப் பிடித்தேன். வெளிச்சத்துக்காகத் திண்ணையில் உட்கார வைத்தேன். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது ஆப்.

"எதுக்கு?"

"உசுரோட இருக்கன்னு தெரியணும்ல."

சிமிட்டினாள். தேவைக்கு அதிகமாகவே. மூன்றாவது தடவை பச்சை டிக் வந்தது, கொஞ்ச நேரத்தில் எஸ்.எம்.எஸ். வந்தது.

அதைப் பிரின்ட் எடுத்து வரச் சொன்னாள். வேண்டியதில்லை, ஃபோனிலேயே இருக்கிறது என்றேன். எடுத்து வா என்றாள். கடைக்குப் போய் எடுத்து வந்தேன். அம்மா பெட்டியைத் தானே இறக்கி வைத்திருந்தாள். அப்பாவின் பென்ஷன் கவருக்குள் காகிதத்தை வைப்பதற்கு முன், அவருடைய குட்டைப் பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, மூலையில் தேதி எழுதினாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.